கூரையை நிலத்தோடு பிணைப்பது எப்படி?

கொல்கத்தா நகரத்துச் செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் ஜாப் சார்னக்கின் கல்லறை இருக்கிறது. 1690-ஆம் ஆண்டில் ஹூக்ளி நதிக்கரையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வாணிபத் தலத்தை நிறுவியவர் அவர். அக்கல்லறையில் பதித்துள்ள கருநிறக் கல்லை, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்டு ஆராய்ந்து 1893-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அது வங்காளத்துக் கல் அன்று. சென்னைக்கு அருகே பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் குன்றுகளாக நிற்கும் பாறையே என்று அவர் கண்டார். அதுவரை தனிப்பெயர் பெறாதிருந்த அப்பாறைக்குச் சார்னக்கின் நினைவாகச் 'சார்னோக்கைட்டு' என்று பெயர் சூட்டினார். உலகெங்கும் நிலவியலார் இன்று வழங்கும் அப்பெயர் இவ்வாறு பல்லாவரத்துக் கல்லுக்குக் கொல்கத்தாவில் கிடைத்தது.

கல்லறைக்கு வேண்டிய கல்லையும் தொலைவிலிருந்து தருவிக்க நேர்ந்ததில் வியப்பில்லை. கொல்கத்தாவில் பாறை என்பதே கிடையாது. வில்லியம் கோட்டைக்குள் நன்னீர் தேடி 1835 முதல் 1840 வரை ஓர் ஆழ்துளை இறக்கப்பட்டது. களிமண், மரங்கள் மட்கி உண்டான கரிய மண், மணல், சுண்ணாம்புக் கங்கர் எனப் பல அடுக்குகள் வந்தன. 350 அடி ஆழத்தில் விலங்கின் எலும்புத் துண்டு ஒன்றும் அகப்பட்டது. 481 அடியில் வேலை நின்றபோது கருவியின் நுனி சரளை மணலில் இருந்ததேயன்றிப் பாறையைத் தொடவில்லை. கங்கையும் அதன் கிளைகளும் கொணர்ந்து படிய வைத்த வண்டல் அங்கே பல கிலோமீட்டர் கனத்துக்குக் கிடக்கிறது என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் உறுதிப்படுத்தியுள்ளன.

இனி, இவ்விரு ஊர்களிலும் ஒரே அளவுள்ள ஒரு சிறு கொட்டகையை எழுப்புவதாகக் கொள்வோம். வீட்டின் முன்புறத்தில் கார் நிறுத்துவதற்கான கொட்டகை அது. நான்கு இரும்புக் கால்கள், அவற்றின்மேல் ஒரு சட்டம், சட்டத்தின்மேல் தகரமோ பாலிகார்பனேட் தகடோ வேய்ந்த கூரை, சுவர் இல்லை. பல்லாவரத்துக்காரருக்குக் கவலை இல்லை, காலடியிலேயே பாறை இருக்கிறது. கொல்கத்தாக்காரர் பாடுதான் திண்டாட்டம் என்று எவரும் சொல்வர். இந்தக் கூற்றில் பாதியே உண்மை. மற்றப் பாதியை அறிய, முதலில் காற்று என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

அடித்தளம் என்றதும், மேலிருந்து இறங்கும் சுமையைத் தாங்குவது என்றே எண்ணிப் பழகிவிட்டோம். 3 மீட்டர் அகலமும் 6 மீட்டர் நீளமும் உள்ள கொட்டகையின் மொத்த எடை 300 கிலோகிராம் அளவில் இருக்கும். அதன்கீழ் நிற்கும் காரின் எடை ஒரு டன்னுக்கும் மேல். காரைத் தாங்கும் மண் கொட்டகையைத் தாங்காமலிராது. கொல்கத்தாவின் ஈரக் களிமண்ணும் இதற்குத் தாராளமாகப் போதும். ஆனால் புயல் வீசும்போது காரின் அருகில் ஆபத்து இல்லை. கூரைதான் பறந்து போய்ப் பக்கத்து வீட்டின்மேல் விழுகிறது. கொட்டகையின் அடித்தளம் சுமை தாங்குவதற்காக அமைவதன்று. கொட்டகையைக் கீழே பிடித்து வைப்பதற்காக அமைவது.

காற்று கூரையின் விளிம்பைக் கடந்து மேற்புறமாக வேகத்தோடு செல்லுகையில் அங்கே காற்றழுத்தம் குறைகிறது. கூரை மேல்நோக்கி உறிஞ்சப்படுகிறது. கீழ்ப்புறத்தில் புகுந்த காற்றுக்கு மறுபக்கம் வழி இருந்தால் அது வெளியேறிவிடும். கொட்டகையின் பின்புறம் வீட்டுச் சுவர் இருந்தாலோ, உள்ளே உயரமான வண்டி நின்றாலோ வழி அடைபட்டு, அக்காற்றும் கூரையைக் கீழிருந்து தள்ளுகிறது. மேலே இழுப்பும் கீழே தள்ளலும் ஒரே திசையில் கூடுகின்றன. சுவரில்லாத கூரை காற்றுக்கு இடம்விட்டுத் தப்பித்துக்கொள்ளும் என்ற பரவலான நம்பிக்கை இதனால் பொய்யாகிறது.

விசையின் அளவைக் கணிப்பது கடினமன்று. காற்றின் வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால், சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று அழுத்தம் கிடைக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு 28 மீட்டர். இதனால் எழும் அழுத்தம் சதுர மீட்டருக்கு 470 நியூட்டன். அதாவது ஏறக்குறைய 48 கிலோ எடைக்குச் சமம். கூரையின்மேல் நிகரமாக இவ்வளவு இழுப்பு உண்டாவதாகக் கொண்டால், 18 சதுர மீட்டர் கூரையை 860 கிலோ விசை மேலே தூக்குகிறது. கொட்டகையின் எடையோ 300 கிலோ. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது கொல்கத்தாவுக்குப் புதிதன்று. பங்குனி முதல் வைகாசி வரையிலான மாதங்களில் பிற்பகலில் வடமேற்கே கருமேகம் திரண்டு, சில நிமிஷங்களில் பேய்க்காற்றாக வீசி ஓயும் 'கால்பைசாகி' என்ற இடிப்புயல் அவ்வேகத்தை எட்டுவது உண்டு. பெரும் புயல்களோ அந்நகரின் சரித்திரத்தோடு பின்னிக் கிடக்கின்றன. 'சைக்லோன்' என்ற ஆங்கிலச் சொல்லையே, கல்கத்தாவில் கடல் விபத்து விசாரணை மன்றத்தின் தலைவராயிருந்த ஹென்றி பிடிங்டன் என்பவர் 1840-களில் ஆக்கினார். 1864-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் வீசிய புயலில் ஹூக்ளியில் நங்கூரமிட்டிருந்த கப்பல்கள் சங்கிலிகளை அறுத்துக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று மோதிக் கரையேறின. மறு ஆண்டிலேயே துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை ஏற்பட்டது. 1875-இல் கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கிற்று. 2020 மே 20-ஆம் நாள் சுந்தரவனத்தில் கரை கடந்த 'ஆம்பன்' புயலின்போது நகரத்தில் மணிக்கு 110 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காற்று வீசியது. ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன.

கட்டடங்களின்மேல் காற்றின் விசையைக் கணிப்பதற்கான இந்தியத் தர நிர்ணயம், கொல்கத்தாவுக்கும் சென்னைக்கும் ஒரே அடிப்படை வேகத்தை விதித்திருக்கிறது: வினாடிக்கு 50 மீட்டர். திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் வீசக்கூடிய உச்ச வேகம் அது. தெருக்களும் வீடுகளும் நெருங்கிய இடத்தில் தாழ்வான கொட்டகையைத் தாக்கும் வேகம் இதனினும் சற்றுக் குறையும். எனினும் எச்சரிக்கையாக 50 மீட்டரையே எடுத்துக்கொண்டால், சதுர மீட்டருக்கு 150 கிலோ. கூரை முழுவதுக்கும் 2,700 கிலோ. கொட்டகையின் எடையைக் கழித்தால் 2,400. நான்கு கால்களுக்குப் பகிர்ந்தால் காலுக்கு 600. பாதுகாப்புக்காக ஒன்றரை மடங்காக்கினால் 900 கிலோ. காற்றை எதிர்நோக்கும் விளிம்பில் இழுப்பு மிகுதியாக இருக்குமாதலால், இஞ்சினீயர்கள் முன்கால்களுக்குத் தனியே கணக்கிடுவார்கள். இங்கே விஷயத்தை விளக்குவதற்கு 900 என்ற எண்ணே போதும். காலொன்றுக்கு 900 கிலோவைக் கீழே பிடித்து வைக்கும் பொருள் எது? கொல்கத்தாவிலும் பல்லாவரத்திலும் கேள்வி ஒன்றே, விடைதான் வேறு.

கொல்கத்தாவில் பற்றிக்கொள்ளப் பிடி கிடையாது. ஆகையால் எடையைக் கொண்டுவந்து புதைக்க வேண்டும். ஒரு கன மீட்டர் கான்கிரீட் 2,400 கிலோ எடையுள்ளது. 900 கிலோவுக்கு 72 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கட்டி போதும் என்று கணக்குச் சொல்கிறது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கொல்கத்தாவில் நிலத்தடி நீர்மட்டம் மழைக்காலத்தில் தரையோடு தரையாக உயர்ந்துவிடுகிறது. நீரில் மூழ்கிய பொருள் தான் விலக்கிய நீரின் எடையை இழக்கிறது என்பது ஆர்க்கிமிடீஸ் கண்ட விதி. மூழ்கிய கான்கிரீட்டின் பயன்படும் எடை கன மீட்டருக்கு 1,400 கிலோதான். ஆகவே கட்டியின் பக்கம் 86 சென்டிமீட்டராக வேண்டும். கான்கிரீட்டின் அளவு ஏறக்குறைய முக்கால் மடங்கு கூடுகிறது. புயலும் வெள்ளமும் சேர்ந்தே வருகின்றன என்பதை ஆம்பன் நாளன்று நகர மக்கள் கண்ணாரக் கண்டார்கள். காற்று மிக வலுவாகத் தூக்கும் அதே நேரத்தில் அடித்தளம் மிக இலேசாகிவிடுகிறது.

செலவைக் குறைக்க வழி உண்டு. கட்டிக்குப் பதிலாக, ஒரு மீட்டர் சதுரமும் 20 சென்டிமீட்டர் கனமும் உள்ள கம்பி வைத்த கான்கிரீட் பலகையை ஒரு மீட்டர் ஆழத்தில் வார்த்து, அதன் நடுவிலிருந்து காலை எழுப்பி, மேலே 80 சென்டிமீட்டருக்கு மண்ணை நிரப்பித் திமிசு போட்டு இறுக்கலாம். கால் மேலே வர வேண்டுமானால் பலகையோடு அம்மண்ணையும் தூக்கியாக வேண்டும். நீரில் மூழ்கிய நிலையில் பலகை 280 கிலோவும், மேல்மண் 640 கிலோவும் தரும், கூடினால் 920. கனசதுரக் கட்டிக்கு வேண்டிய கான்கிரீட்டில் மூன்றில் ஒரு பங்கிலே வேலை முடிகிறது. மண்ணை இலவசமாக வேலை வாங்கும் இம்முறையில், மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்குவதில் சோம்பினால் பயன் கெடும்.

திருகு முனை கொண்ட இரும்புத் தண்டை மண்ணுள் முறுக்கி இறக்குவது மற்றொரு முறை. அலெக்ஸாண்டர் மிட்செல் என்ற அயர்லாந்து இஞ்சினீயர் 1833-இல் இதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். அவர் கண்பார்வை அற்றவர். தடவிப் பார்த்தே மண்ணின் குணத்தை அறிந்த அவருடைய திருகுத் தூண்கள் சேற்று நிலங்களில் கலங்கரை விளக்கங்களைத் தாங்கின. வண்டல் மண்ணுக்கு ஏற்ற இக்கருவி, பாறைத் துண்டுகள் கலந்த நிலத்தில் ஓரடியும் இறங்காது.

கொல்கத்தாவின் மிருதுவான மண்ணில் 'கீழே பிடித்து வைக்கும்' வேலையை மிகப் பெரிய அளவில் காண விரும்புவோர் ஹௌரா பாலத்தைப் பார்க்க வேண்டும். 1943 பிப்ரவரியில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டு, பின்னர் இரவீந்திர சேது என்று பெயர் பெற்ற அப்பாலத்துக்கு ஆற்றின் நடுவே தூண் கிடையாது. இரு கரைகளிலும் நிற்கும் இரு கோபுரங்களிலிருந்து நெம்புகோல் போன்ற கைகள் 468 அடிக்கு ஆற்றின்மேல் நீண்டுள்ளன. அவற்றின் நுனிகளிலிருந்து 564 அடி நீளமுள்ள நடுப்பகுதி தொங்குகிறது. கோபுரங்களின் மறுபுறத்தில் 325 அடி நீளமுள்ள நங்கூரக் கைகள் கரையை நோக்கிச் செல்கின்றன. தராசின் ஒரு தட்டு தாழ்ந்தால் மறுதட்டு எழுவதைப்போல, ஆற்றுப்பக்கத்துச் சுமை நங்கூரக் கையின் நுனியை மேலே தூக்க முயல்கிறது. தொங்கும் பகுதியின் ஒவ்வொரு பாதியும் 2,000 டன் எடையுள்ளது. மற்றச் சுமைகளை விட்டு இதை மட்டும் கணித்தாலும், 2,000-ஐ 468-ஆல் பெருக்கி 325-ஆல் வகுக்க, ஒரு கரையில் ஏறக்குறைய 2,880 டன் மேல்நோக்கிய இழுப்பு வருகிறது. நமது கார் கொட்டகையின் காலுக்கு வந்த 900 கிலோவும் இவ்வகையைச் சேர்ந்ததே.

பாறை இல்லாத கரையில் இதை எவ்வாறு சமாளித்தார்கள்? பிரதான கோபுரங்களுக்காக 55 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் உள்ள பெருங்கிணறுகளை இறக்கி, கெட்டியான மஞ்சள் களிமண்ணில் ஊன்றினார்கள். ஹௌரா பக்கத்தில் 26 மீட்டருக்கும், கொல்கத்தா பக்கத்தில் 31 மீட்டருக்கும் சற்று அதிகமாகவே இறங்க வேண்டியிருந்தது. நங்கூர முனைகளுக்கும் தனியே கிணறுகள் இறக்கப்பட்டன. இறக்கும் வேலையின்போது ஓர் இரவில் அடிமண் திடீரென்று இளகி, கிணறு முழுவதும் இரண்டடி கீழே விழுந்தது. கிதிர்ப்பூரிலிருந்த நிலநடுக்கமானி அதைப் பூகம்பம் என்றே பதிவு செய்தது. சேற்றை அள்ளியபோது பழைய பீரங்கிக் குண்டுகளும் கப்பல் நங்கூரங்களும் மேலே வந்தன. ஒரு காலத்தில் கப்பலைப் பிடிக்க மாட்டாமல் போன நங்கூரங்கள் கிடந்த மண்ணிலேயே பாலத்தின் நங்கூரமும் அமைந்தது.

இனிப் பல்லாவரத்துக்கு வருவோம். சார்னோக்கைட்டு ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடையது. பழுதுபடாத நிலையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1,000 கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தத்தையும் தாங்கும். அதில் 25 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள துளையை 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இட்டு, 16 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பியைச் செருகிச் சிமெண்டுக் குழம்பால் பிணைப்பதாக வைத்துக்கொள்வோம். துளையின் உட்பரப்பு ஏறக்குறைய 235 சதுர சென்டிமீட்டர். சிமெண்டுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள பிடிப்பைச் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ என்று மிகச் சிக்கனமாகக் கொண்டாலும், கம்பி 1,170 கிலோவைத் தாங்கும். கொல்கத்தாவில் ஒரு மீட்டர் குழியும் ஒரு வண்டி கான்கிரீட்டும் செய்த வேலையை இங்கே ஒரு முழத்துக்கும் குறைந்த கம்பி செய்கிறது. பல்லாவரத்துக்காரருக்கு எளிது என்ற பாதி உண்மை இதுதான்.

மறுபாதி என்னவெனில், கம்பியின் பிடிப்பு மட்டும் போதாது. கம்பி பற்றியுள்ள கல்லும் தன் இடத்தில் நிற்க வேண்டும். பிடிப்பு விடாத கம்பியை மேலே இழுத்தால், அது ஒரு கூம்பு வடிவமான கல்லோடு பெயர்ந்து வரப் பார்க்கும். கூம்பின் நுனி கம்பியின் அடியில். அகன்ற வாய் தரைமட்டத்தில். 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள கம்பியைச் சூழ்ந்த கூம்பின் எடை எவ்வளவு இருக்கும்? கணக்கிட்டால் 75 கிலோதான்! 900 கிலோவை எதிர்த்து நிற்பது அக்கூம்பின் எடையன்று. அது சுற்றிலுமுள்ள பாறையோடு ஒன்றாக, பிளவின்றி இணைந்திருக்கும் வலிமையே. அவ்விணைப்பில் விரிசல் ஓடியிருந்தால், பாறை என்று நாம் நம்பியது 75 கிலோக் கல்லாகச் சுருங்கிவிடும்.

ஆகையால் பாறை நிலத்தில் கேட்க வேண்டிய முதற்கேள்வி கல் எவ்வளவு கடினம் என்பதன்று. கல் ஒன்றாக இருக்கிறதா என்பதே. சார்னோக்கைட்டும் கருங்கல்லும் நிறைந்த தமிழ்நாட்டின் குன்றோரங்களில் மேற்பகுதி வெயிலாலும் மழையாலும் சிதைந்து, உள்ளே உருண்டைக் கற்களை விட்டு, வெளியே சுக்காங்கல்லாகவும் செம்மண்ணாகவும் மாறியிருப்பது சாதாரணம். தரைக்கு மேல் தலை நீட்டும் கல், கீழேயுள்ள தாய்ப்பாறையின் முகடாக இருக்கலாம். மண்ணில் புதைந்த தனி உருண்டையாகவும் இருக்கலாம். தனி உருண்டையானால் அதன் எடை அளவுக்கே பயன். கொல்கத்தாவின் கான்கிரீட் கட்டிக்கும் அதற்கும் வேற்றுமை இல்லை. சுற்றிலும் கடப்பாரையால் தோண்டிப் பார்ப்பதே இதை அறியும் நேரான வழி. சம்மட்டியால் தட்டினால் முழுமையான பாறை கணீரென்று ஒலிக்கும்; சிதைந்த பாறையும் அடியில் பிளவுள்ள பாறையும் மந்தமாக ஒலிக்கும். கல் தச்சர்கள் இந்த ஒலியைக் கொண்டே கல்லைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

விரிசலுள்ள பாறையாயின், இணைப்பை அடியோடு மறந்துவிட்டு எடையை மட்டும் நம்புவதே அறிவுடைமை. கூம்பின் எடை ஆழத்தின் முப்படியாக வளர்கிறது. ஆழத்தை இரட்டித்தால் எடை எட்டு மடங்காகிறது. 900 கிலோக் கூம்பு வேண்டுமானால் 70 சென்டிமீட்டர் ஆழம் போதுமானது. 30-ஐ 70 ஆக்குவதற்குத் துளைக் கருவிக்காரர் கேட்கும் கூலி பெரிதன்று. ஒரு காலின் அடித்தகட்டில் நான்கு போல்ட்டுகள் இருப்பதால் நான்கு கூம்புகள் கிடைக்கும் என்று எண்ணுவது தவறு. ஒரு சாண் இடைவெளியில் இருக்கும் நான்கு போல்ட்டுகளின் கூம்புகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, ஏறத்தாழ ஒரே கூம்பாகவே நிற்கின்றன. இரும்பின் சுமைதான் நான்காகப் பிரிகிறது. பாறையின் சுமை பிரிவதில்லை.

இந்நாளில் பல இடங்களில், துளைக்குள் விரிந்து இறுகும் போல்ட்டுகளை இரண்டே நிமிஷத்தில் அடித்துவிடுகிறார்கள். நல்ல கான்கிரீட்டில் அவை பயனுள்ளவையே. பாறையில் அவற்றை இடுமுன் கல்லுடைப்போரின் தொழிலை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாறையைப் பிளக்க விரும்புவோர் வரிசையாகக் குழிகள் வெட்டி, அவற்றில் ஆப்புகளை இறக்கி, ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவார்கள். கல் அவ்வரிசை வழியே வாய் பிளக்கும். மாமல்லபுரத்துப் பாறைகளில் அத்தகைய குழி வரிசைகளை இன்றும் காணலாம். விரியும் போல்ட்டும் ஓர் ஆப்புதான். நான்கு போல்ட்டுகளை நெருக்கமாகவோ, பாறை விளிம்பின் ஓரமாகவோ அடித்து முடுக்கினால், கொட்டகைக்காரர் தம்மை அறியாமலே கல்லுடைக்கும் வேலையைச் செய்தவராகிறார். சிமெண்டுக் குழம்பிலோ எப்பாக்ஸிப் பசையிலோ பதித்த கம்பி பாறையை நெம்புவதில்லை. ஆகவே பாறைக்கு அதுவே ஏற்றது.

துளையிட்ட பின் செய்ய வேண்டிய வேலையில்தான் பெரும்பாலும் கெடுதி நேர்கிறது. துளையின் சுவரில் படிந்திருக்கும் நுண்ணிய கல்மாவு, கல்லுக்கும் சிமெண்டுக்கும் நடுவே திரைபோல் நின்றுவிடுகிறது. காற்றால் ஊதி, கம்பித் தூரிகையால் தேய்த்து, மீண்டும் ஊதி, இவ்வாறு மும்முறை செய்வது நலம். சிமெண்டானால் துளையை நீரால் கழுவி, தேங்கிய நீரை ஒற்றி எடுக்க வேண்டும். எப்பாக்ஸியானால் துளை உலர்ந்திருக்க வேண்டும். 10 கிலோ சிமெண்டுக்கு 4 லிட்டர் நீருக்கு மேற்படக் கூடாது. மேலிருந்து ஊற்றினால் அடியில் காற்று சிறைப்படும். குழாயைத் துளையின் அடிவரை விட்டு, கீழிருந்து நிரப்பிக்கொண்டே குழாயை மெல்ல உயர்த்த வேண்டும். ஒரு வாரம் கம்பியை அசைக்கலாகாது.

அடித்தகடு பாறையின் மேடுபள்ளத்தில் நேராக அமர்வதில்லை. தகட்டின்கீழ் உளியால் சமன் செய்து, சுருங்காத சிமெண்டுக் குழம்பை நிரப்பி, மழைநீர் காலடியில் தங்காமல் சுற்றிலும் சாய்வாகப் பூச வேண்டும். கம்பிகள் துத்தநாகப் பூச்சுள்ளவையாக இருத்தல் அவசியம்; 16 மில்லிமீட்டர் கம்பி ஐந்து டன்வரை தாங்குமாயினும், தரைமட்டத்தில் பிடிக்கும் துரு சில ஆண்டுகளில் அதைப் பென்சில் கனத்துக்குக் குறைத்துவிடும். மேலேயும் இதே கவனம் வேண்டும். தகட்டைப் பிடிக்கும் கொக்கி போல்ட்டுகள், சட்டத்தைக் காலோடு சேர்க்கும் பற்றவைப்பு, கால், அடித்தகடு, கம்பி, பாறை ஆகிய இவற்றின் வழியே அந்த 900 கிலோ இறங்கி வருகிறது. காலடியை ஹௌரா பாலம்போல் கட்டிவிட்டு, கூரைத் தகட்டை வாஷர் இல்லாத ஆணியால் அடித்த கொட்டகைகள் கொல்கத்தாவிலும் உண்டு, சென்னையிலும் உண்டு.

கம்பி பிடித்ததா என்று ஐயப்படுவோர் அதைச் சோதிப்பதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஏறக்குறைய நாலரை மீட்டர் நீளமுள்ள இரும்பு உத்தரம் ஒன்று, இரண்டு மூட்டைச் சிமெண்டு, ஒரு சங்கிலி, இவை போதும். 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள கம்பியின் தலையை உத்தரத்தின் ஒரு முனையோடு சங்கிலியால் பிணைத்து, கம்பியிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி உத்தரத்தின்கீழ் ஒரு கல்லை முட்டாக வைக்க வேண்டும். அதற்கும் நெருங்கி வைத்தால், முட்டுக்கல் கூம்பின்மேலேயே அழுந்தி, பெயர வேண்டிய கல்லைத் தானே பிடித்துக்கொள்ளும், சோதனை பொய்யாகும். முட்டிலிருந்து 4 மீட்டர் தொலைவில் ஒரு மூட்டையைத் தொங்கவிட்டால் கம்பியை 500 கிலோ இழுக்கும். இரண்டாம் மூட்டையையும் சேர்த்தால் 1,000 கிலோ. உத்தரத்தின் எடை தரும் இழுப்பு இதற்கு மேல். மூட்டைகள் தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் உயராதபடி தொங்கவிட வேண்டும். உத்தரத்தின்கீழ் எவரும் நிற்கலாகாது. கம்பியைச் சுற்றிப் பாறையின்மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு பூசி வைத்தால், மயிரிழை வெடிப்பும் கண்ணுக்குப் புலப்படும். அரைமணி நேரம் கழித்தும் பூச்சில் வெடிப்புக் காணாவிடில் காலை நிறுத்தலாம். வெடித்திருந்தால் அவ்விடத்தை விட்டு ஒரு முழமாவது தள்ளி, முன்னைவிட ஆழமாகப் புதுத்துளை இட வேண்டும்.